பாடம் எங்க போயிரப் போவுது

ஜெபக்கனி டீச்சருக்கு நடந்த அநியாயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: அவரைப் பாடம் நடத்த விடாமல் செய்தவர்களே, அவர் பாடம் நடத்தவில்லை என்று அவருக்கு மெமோ கொடுத்தார்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. எதற்கும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் என் பல்கலைக்கழகத்தில் நிறையப் பேர் உண்டு. நானும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: ஒரு பக்கத்தில் சாக்பீஸ் இருந்தது, இன்னொரு பக்கத்தில் ஜீப் இருந்தது.

எங்கள் ஊர் கோரையளம். கடலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே கண்ணைக் கூசவைக்கும் உப்புப் பாத்திகளும், பாத்திகளுக்கு நடுவே வரப்புகளும், வரப்புகளின் மேல் வெள்ளைக் குவியல்களும், விடியுமுன் போய் அந்தக் குவியல்களை வாரிச் சேர்த்துவிட்டு உச்சிவெயிலுக்கு முன்னால் வீடு திரும்புகிற பெண்களும் உள்ள ஊர். அதன் ஓரத்தில், உப்புக்காற்று தின்று கம்பி தெரிகிற சுவர்களோடு ஒரு தொடக்கப்பள்ளி. அங்கே தலைமையாசிரியர் ஆழ்வார் சார், அவரை விட்டால் ஜெபக்கனி டீச்சர். ஒன்றும் இரண்டும் மூன்றும் சாருடைய அறையில், நாலும் அஞ்சும் டீச்சருடைய அறையில்.

டீச்சருக்கு வந்த வேலைகளின் பெயர்கள்தான் வேறு வேறு, அவற்றின் முன்னால் நின்ற சொல் ஒன்றே ஒன்று. முதல்ல பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் இணையத்தில் ஏற்றுங்கள், முதல்ல கழிவறையைப் படம் பிடித்து அனுப்புங்கள், முதல்ல வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு வாருங்கள், முதல்ல முட்டை, முதல்ல பூச்சி மாத்திரை, முதல்ல வங்கிக் கணக்கு. ஒரு வரிசையில் முதல் இடம் ஒன்றுதான் இருக்க முடியும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், கல்வி அலுவலகத்துக்குத் தெரியாது. அங்கிருந்து வருகிற எல்லாமே முதலாவது, ஆகவே எதுவும் இரண்டாவது இல்லை, ஆகவே பாடம் என்கிற ஒன்று அந்த வரிசையிலேயே இல்லை.

ஆழ்வார் சார் கெட்டவர் இல்லை, போனுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். போன் அடித்தால் எழுந்து நின்றுதான் எடுப்பார், பேசி முடித்ததும் சட்டைப் பையில் சாக்பீஸ் குலுங்க டீச்சருடைய வகுப்பு வாசலுக்கு வருவார், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பார்க்கவே பாவமாக, தினமும் அதே வாக்கியத்தைச் சொல்வார்.

"டீச்சர், முதல்ல இத முடிச்சிட்டு வந்திருங்க. பாடம் எங்க போயிரப் போவுது."

டீச்சரும் அதே பதிலைச் சொல்வார்.

"இதோ வாரேன் சார்."

போவார், செய்வார், திருத்தமாகவும் செய்வார். அதுதான் அவர் செய்த தப்பு என்று நான் பல தடவை வாதாடியிருக்கிறேன்: இந்த உலகத்தில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறவருக்குக் கிடைக்கிற பரிசு இன்னொரு வேலை.

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முதல் பீரியடில், டீச்சர் நாலாம் வகுப்பையும் அஞ்சாம் வகுப்பையும் நெருக்கி உட்காரவைத்து, "நம்ம கடல் தண்ணி உப்பா இருக்கே பிள்ளைகளா, ஏன்னா" என்று சொல்லிக் கையை உயர்த்திய நேரத்தில் ஆழ்வார் சார் வாசலுக்கு வந்தார். முதல்ல இத முடிச்சிட்டு வந்திருங்க, பாடம் எங்க போயிரப் போவுது. டீச்சர் இதோ வாரேன் சார் என்று போனார். சார் சொன்னபடியே பாடம் எங்கேயும் போகவில்லை. வகுப்பறையின் நடுவில், பிள்ளைகள் எம்பினால் கை எட்டுகிற உயரத்தில், அந்த ‘ஏன்னா’ அப்படியே நின்றுவிட்டது.

அது எழுத்தாகவும் இல்லை, எழுத்தில்லாமலும் இல்லை. பாத்தியின் ஓரத்தில் உப்பு பூக்கத் தொடங்கும்போது ஒரு மங்கல் வெள்ளை படருமே, அந்த நிறத்தில், வெயில் ஏற ஏற இறுகி, காற்று ஈரமானால் கொஞ்சம் கசிந்து, காதை வைத்துக் கேட்டால் டீச்சருடைய குரலின் கடைசி இழுப்பு உள்ளே ரீங்கரிக்க, ஆணியும் கயிறும் இல்லாமல் தொங்கியது. பேச்சித்தாயின் மகள் இசக்கி, அஞ்சாம் வகுப்பு, துணிச்சலானவள், பெஞ்சில் ஏறி நாக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புதான்" என்று மற்றவர்களுக்கு அறிவித்தாள்.

மறுநாள் கணக்கு வகுப்பில் "ஏழுல இருந்து ஒம்பது போவாது, அதனால பக்கத்து வீட்டுல" என்பதுவரை வந்தபோது முட்டை லாரி வந்தது. ‘பக்கத்து வீட்டுல’ தரைக்குப் பக்கத்தில், முக்காலி உயரத்தில் நின்றுகொண்டது, பெஞ்சில் இடம் கிடைக்காத பிள்ளைகள் அதன்மேல் உட்காரத் தொடங்கினார்கள். அதற்கடுத்து ஜன்னலோரம் ‘புள்ளி வைக்கலேன்னா’ வந்து சேர்ந்தது, அது லேசானது, கடற்காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆடி பிறப்பதற்குள் அந்த அறை பாதி வாக்கியங்களால் நிறைந்து, பிள்ளைகள் குனிந்தும் ஒதுங்கியும் நடக்கப் பழகிக்கொண்டார்கள். சத்துணவு சமைக்கிற அன்னக்கிளி கரித்துணியைத் துவைத்து அவற்றின்மேல் காயப்போட்டாள். ஆழ்வார் சார், யாரும் பார்க்காதபோது, ‘ஏன்னா’வில் குடையை மாட்டிவைத்தார்.

ஊர் வந்து பார்த்தது. பார்த்துவிட்டு, பெரிய அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. தண்ணீரைக் கட்டிவைத்தால் கல்லாகிவிடும் என்பதைத் தினமும் பார்க்கிற ஊருக்கு, பேச்சைக் கட்டிவைத்தால் கல்லாகிவிடும் என்பதில் என்ன புதுமை. முனியசாமியின் டீக்கடையில் அரை கிளாஸ் டீக்கு ‘ஏன்னா டீ’ என்று பெயர் வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போய் பதில் சொல்லாமல் இழுக்கிற மாப்பிள்ளை வீட்டைப் பற்றி "அது ஏன்னாவுல நிக்கி" என்றார்கள். பாதியில் நின்ற ரேஷன் கடைக் கட்டடமும், பாதியில் நின்ற பாலமும், வருகிறேன் என்று போய் வராத புருஷன்மாரும் எல்லாம் ஏன்னாவில் நின்றார்கள். இத்தனை நாள் பெயர் இல்லாமல் கிடந்த ஒரு விஷயத்துக்குப் பெயர் கிடைத்ததில் ஊருக்கு ஒரு திருப்தி கூட இருந்தது.

அந்த வாக்கியத்தை முடித்துவைக்கவும் ஆளாளுக்கு முயன்றார்கள். மீன் ஏலம் விடுகிற சந்தியாகு அண்ணன் அதன் கீழே நின்று, "ஏன்னா மீனெல்லாம் அழுவுது" என்றார். அந்தச் சொற்கள் செதில்செதிலாக உதிர்ந்து தரையில் விழுந்தன. கோயில் பூசாரி எலுமிச்சம்பழத்தோடு வந்து சாமியின் கோபம் என்றார், ஜெபக்கூட்டத்தார் பாட்டோடு வந்து சாமியின் கருணை என்றார்கள், இரண்டும் உதிர்ந்தன. பேச்சித்தாய் உப்பளத்திலிருந்து நேராக, முழங்கால்வரை உப்புக்கறையோடு வந்து, "ஏன்னா எங்க வேர்வை பூராவும் அங்கதான் போவுது" என்றாள். அது மட்டும் ஒட்டிக்கொள்ளப் பார்த்து, ஒரு மூச்சு நேரம் நின்று, பிறகு உதிர்ந்தது. அன்னக்கிளி சாயங்காலம் எல்லாவற்றையும் கூட்டி அள்ளினாள்.

"யாரு ஆரம்பிச்சாகளோ அவுகதான் முடிக்கணும் போல" என்றாள் பேச்சித்தாய்.

டீச்சர் முடிக்காமலா விட்டார். ஒரு நாள் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, கண்ணில் பாதி அந்தத் திரையில் இருக்க, "ஏன்னா மழை பெய்யும்போது" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதும் மற்றவர்கள் சொன்னதைப் போலவே உதிர்ந்தது. முழுசாக அங்கே இல்லாத ஆளை அந்த வாக்கியம் ஏற்றுக்கொள்ளவில்லை. போன் அடித்தது, டீச்சர் இதோ வாரேன் சார் என்று போய்விட்டார்.

அலுவலகத்துக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்படி ஆழ்வார் சார் படம் எடுத்து அனுப்பினார். படத்தில் பெஞ்சு இருந்தது, கரும்பலகை இருந்தது, ‘ஏன்னா’ இல்லை. அது படத்தில் விழாது. படத்தில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்கிற கொள்கை உடையவர்கள் அங்கிருந்து ஒரே ஒரு பதில் அனுப்பினார்கள்: முதலில் வகுப்பறைக்கு வெள்ளையடித்து மறுபடி படம் அனுப்பவும்.

பிறகு ஜீப் வந்தது. இறங்கிய ஆய்வு அதிகாரி பார்ப்பதற்கு ஒழுங்கான, நன்றாக இஸ்திரி போட்ட மனிதர். நாலாம் வகுப்பு வாசலில் நுழைந்து, நடுவில் வந்தபோது தலையை நன்றாகக் குனிந்துகொண்டு, ‘ஏன்னா’வுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தார். குனிந்தது அவருக்கே தெரியவில்லை. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, அன்னக்கிளி பார்த்தாள், பிள்ளைகள் பார்த்தார்கள், ஆழ்வார் சார் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கடல் தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது?" என்று அதிகாரி கேட்டார்.

இசக்கி எழுந்து கைகட்டி, "நம்ம கடல் தண்ணி உப்பா இருக்கே பிள்ளைகளா, ஏன்னா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்னா?"

"அவ்வளவுதான் சார் நடத்துனாக. மிச்சம் அங்க நிக்கி" என்று அவர் தலைக்குப் பின்னால் காட்டினாள்.

ஏழிலிருந்து ஒன்பது போகுமா என்றார். பக்கத்து வீட்டுல என்று வகுப்பே சொல்லி நிறுத்தியது. புள்ளி வைக்காவிட்டால் என்ன எழுத்து என்றார். புள்ளி வைக்கலேன்னா என்றார்கள். நடத்திய இடம்வரை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார்கள், நடத்திய இடத்தில் நிறுத்தினார்கள். இதைவிட நாணயமான மாணவர்களை எந்தப் பல்கலைக்கழகத்திலும் நான் பார்த்ததில்லை. அதிகாரி குனிந்து, அடியில் புகுந்து, வெளியே வந்து ஜீப்பில் ஏறினார்.

மெமோ அடுத்த வாரம் வந்தது. பணியில் முன்னுரிமை எது என்றே அறியாமல் கற்பித்தலைப் புறக்கணித்த தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு உரிய கெடுவுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும், தவறினால் மலைப்பக்கம் மாறுதல். மேலே சிவப்பில் ‘மிக அவசரம்’. கீழே ஒரு குறிப்பு: முதலில் இதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலைப் படம் எடுத்து அனுப்பவும்.

முன்னுரிமை. எத்தனை துணிச்சல் வேண்டும் அந்தச் சொல்லை எழுத.

அன்றைக்கு வேலை முடிந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஊர் கூடியது. டீச்சர் போனால் போகட்டும், இன்னொருத்தர் வருவார் என்று முனியசாமி சொன்னார். ‘ஏன்னா’வைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வருகிறார்களே, டீ ஓடுகிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்கிற எண்ணமும் அவருக்கு உள்ளூர இருந்தது.

"இன்னொருத்தக வந்தா இன்னொரு ஏன்னா தொங்கும்" என்றாள் பேச்சித்தாய். "இந்த ஏன்னாவ யாரு வந்து எறக்குவா? நீரு எறக்குவீரா? உம்ம டீய மாதிரியே பாதியில நிறுத்திட்டுப் போவீரு."

சிரித்தார்கள். முனியசாமியும் சிரித்தார்.

"சிரிக்காதிய" என்றாள் அவள். "எம்மவ தலைய பாதி சீவிட்டு எந்திரிச்சிருதா. சட்டையில பாதி பித்தான்தான் போடுதா. ஏன்னு கேட்டா, மிச்சம் நாளைக்குங்கா. நான் அஞ்சாப்பு முடிச்சிட்டு அளத்துல எறங்கினவ. எதுக்கு எறங்கினேன்னு எனக்கு எவனும் காரணம் சொல்லல, நானும் கேக்கல. எம்மவளும் இந்த ஏன்னாவத் தலையில தூக்கிட்டு அதே பாத்தியில வந்து எறங்கணுமா? வருசம் முடிஞ்சா அவ அந்தப் பள்ளிக்கூடத்த விட்டுப் போயிருவா. அதுக்குள்ள டீச்சரம்மா அத முடிக்கணும். அவுகளத் தவிர யாராலயும் ஆவாது."

ஊர் முழுக்க ஏன்னாவில் நின்றது.

டீச்சரிடம் படித்த நான் அப்போது பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். மெமோவுக்குப் பதில் நான் எழுதித் தருகிறேன் என்று டீச்சரிடம் வாக்குக் கொடுத்து, உட்கார்ந்து, சட்டம், விதி, ஆசிரியர் வேலை என்றால் என்ன, கழிவறைப் படத்துக்கும் கல்விக்கும் உள்ள உறவு என்ன என்று பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதும்போது கை சுட்டது. படிக்கிற அதிகாரிக்குக் காதும் சுட வேண்டும் என்று நினைத்தேன்.

மதிய இடைவேளையில், ‘பக்கத்து வீட்டுல’மேல் உட்கார்ந்து டீச்சர் அதைப் படித்தார். எதிரே நான் நின்றேன்.

"நல்லா சண்ட போட்டிருக்க பிள்ள" என்றார்.

"அனுப்பலாமா டீச்சர்?"

"இத பாரு. முதலில் இது இயற்கை நீதிக்கு எதிரானது. அடுத்த பக்கம், முதலில் அலுவலகம் தன் தவறை ஏற்க வேண்டும். அதுக்கடுத்து, முதலில் அந்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும்." அவர் தலையை நிமிர்த்தினார். "நீயும் எல்லாத்தையும் முதல்லன்னுதான் எழுதியிருக்க."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. தோற்கிற வாதத்தில்தான் நான் இன்னும் சத்தமாகப் பேசுவேன்.

"அப்போ நீங்களே சொல்லுங்க, எது முதல்ல? எல்லாரும் கேக்குதாக. அந்த ஆளு மெமோவுல கேக்காரு, ஊரு கேக்குது, நான் கேக்கேன். உங்களுக்குத் தெரியலேன்னா வேற யாருக்குத் தெரியும்? தெரிஞ்சும் ஆழ்வார் சார் கூப்பிட்டா இதோ வாரேன் சார்னு ஓடுதியளே, அது எதுக்கு?"

"பழக்கம்" என்றார் டீச்சர். பிறகு, "பயமும்" என்றார்.

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு யாரோ வந்து ‘ஏன்னா’வை முடிக்கப் பார்த்திருக்க வேண்டும், அந்தச் சொற்கள் இன்னும் கூட்டப்படாமல் செதில்களாகக் கிடந்தன.

"கழிவறைய நான் படம் எடுத்தாலும் கழிவறதான், அன்னக்கிளி எடுத்தாலும் கழிவறதான்" என்றார், என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல். "எடைய யாரு பாத்தாலும் பிள்ளையோட எட மாறாது. ஓட்டுச் சீட்டு யாரு கொண்டு குடுத்தாலும் ஓட்டுச் சீட்டுதான். நான் செய்யாட்டியும் அதெல்லாம் நடக்கும், இல்ல, ஒரு நா கழிச்சு நடக்கும்." தரையிலிருந்து ஒரு செதிலை எடுத்து விரலால் நொறுக்கினார். "இது மட்டும் யாரு சொன்னாலும் விழுந்திருது."

"அதத்தான நான் எழுதியிருக்கேன்" என்றேன். பொய். நான் அதை எழுதவே இல்லை.

"எழுதல" என்றார் டீச்சர், சிரித்துக்கொண்டே. காகிதங்களை மடித்து என் கையில் கொடுத்தார். அவருடைய இடுப்பில் போன் அதிர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு சமையல் கட்டுக்குப் போனார். அன்னக்கிளியின் அரிசி டிரம்மைத் திறந்தார், போனை அரிசிக்குள் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தார், மூடினார்.

"டீச்சர், அரிசி கூப்பிடுது" என்றாள் அன்னக்கிளி சிறிது நேரம் கழித்து.

"கூப்பிடட்டும்."

அதற்குப் பிறகு ஊர் செய்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வீரமும் ஒற்றை ஆளாக நடப்பதில்லை. அளத்துப் பெண்கள் வேலை முடிந்து வந்து பள்ளி வராந்தாவில் உட்கார்ந்தார்கள். பூச்சி மாத்திரை கொடுக்க வந்த நர்ஸிடம் பேச்சித்தாய் எடை மெஷினைத் தள்ளிவிட்டு, "நீங்களே நிறுத்துப் பாத்து எழுதிக்கிடுங்க, டீச்சரம்மா பாடத்துல இருக்காக" என்றாள். சாமி கும்பிடும்போது வந்தவரிடம் பூஜையில் இருக்கிறார் என்போமே, அந்தக் குரல். நர்ஸும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கழிவறைப் படத்தை அன்னக்கிளி எடுத்தாள், டீச்சர் எடுத்ததைவிட நன்றாகவே வந்தது. முனியசாமி கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு வாக்காளர் சீட்டுகளை வீடுவீடாகக் கொடுத்தார், போகிற வீட்டிலெல்லாம் டீயும் குடித்துவிட்டு வந்தார். இதெல்லாம் விதிப்படி சரியா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்: விதிப்படி அந்தப் பிள்ளைகள் எத்தனை காலம் ஏன்னாவில் நிற்கலாம்?

ஆனால் டீச்சர் உடனே ‘ஏன்னா’வைத் தொடவில்லை. சின்னதுகளிலிருந்து தொடங்கவும் இல்லை. சில நாள் பிள்ளைகளோடு சும்மா பேசினார், கதை படித்தார், கதவின் பக்கம் கண் போகாமல் ஒரு பீரியட் முழுக்க உட்காரப் பழகினார். பழக்கம் விடுவதும் ஒரு வேலைதான், அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும். வாசலில் நிழல் ஆடினால் அவருடைய கால்கள் தாமாக எழும், அவர் தொடைமேல் கையை வைத்து அழுத்திக்கொள்வார்.

கெடு முடிகிற நாள் வந்தது. என் காகிதங்களை எதற்கும் இருக்கட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டு நானும் வராந்தாவில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். விளக்கம் எதுவும் போய்ச் சேராததால் ஜீப்பே வந்துவிட்டது. அதிகாரி இறங்கி, டீச்சரைக் கூப்பிடுங்கள், முதலில் விளக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று ஆழ்வார் சாரிடம் சொன்னார்.

ஆழ்வார் சார் நடந்தார். சட்டைப் பையில் சாக்பீஸ் குலுங்கியது. நிலையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், முதல்ல" என்றார்.

உள்ளே டீச்சர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையை உயர்த்தியிருந்தார். பிள்ளைகள் நிமிர்ந்திருந்தார்கள். சார் அதைப் பார்த்தார், ‘ஏன்னா’வைப் பார்த்தார், அதில் தொங்கிய தன் குடையைப் பார்த்தார். வாயில் இருந்த மிச்சத்தை அவர் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லையா, சொல்லக்கூடாது என்று நினைத்தாரா என்று இன்றுவரை கேட்டால் சிரிக்கிறாரே தவிரச் சொல்வதில்லை. அவர் சொன்ன ‘முதல்ல’ வாசலின் குறுக்கே, நிலைக்கும் நிலைக்கும் நடுவே, உப்பு இறுகினதுபோல் இறுகி நின்றுவிட்டது. சார் கீழே படியில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் வந்த அதிகாரியால் உள்ளே போக முடியவில்லை. இந்தத் தடவை குனிந்தும் புக முடியாத உயரத்தில் அது நின்றது. அவர் அதைப் பார்த்தார். முதன்முறையாக ஒன்றைப் பார்த்தார்.

"என்ன இது?" என்றார்.

"அது நீங்க அனுப்புனதுதான் சார்" என்றாள் பேச்சித்தாய். "உக்காருங்க. பாடம் ஆரம்பிக்கப் போவுது."

உள்ளே டீச்சருடைய குரல் கேட்டது, முதலிலிருந்து, அவசரமே இல்லாமல்.

"நம்ம கடல் தண்ணி உப்பா இருக்கே பிள்ளைகளா, ஏன்னா, மழை பெய்யும்போது அது மலையில உள்ள பாறைய கொஞ்சூண்டு கரைக்குது, நாக்குல வச்சாக்கூடத் தெரியாது, அந்தக் கொஞ்சூண்ட ஆறு தூக்கிட்டு வந்து கடல்ல போடுது, சூரியன் வந்து தண்ணிய மட்டும் மேல இழுத்துக்கிடுது, உப்ப இழுக்க அதால ஆவாது, அது இங்கயே கெடக்குது, மேல போன தண்ணி மறுபடி மழையா விழுது, மறுபடி கரைக்குது, மறுபடி கொண்டாருது, இப்படி உங்க அம்மாவோட அம்மாவோட அம்மா பிறக்குறதுக்கு முந்தி, மனுசனே பிறக்குறதுக்கு முந்தி இருந்து, தண்ணி வந்து வந்து போவுது, உப்பு போவாம நிக்குது, நின்னு நின்னு சேருது, உங்க அம்மா பாத்தியில செய்யிற வேலையத்தான் கடல் காலங்காலமா செஞ்சிக்கிட்டு இருக்கு."

ஒரு சொல்லும் உதிரவில்லை. ஒவ்வொன்றும் போய் ‘ஏன்னா’வின் நுனியில் ஒட்டி, ஒட்டியது அடுத்ததைப் பிடித்து, வாக்கியம் அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நீண்டது. கடைசிச் சொல் சேர்ந்ததும் முழுதும் ஒரே நேரத்தில் கரைந்து, பிள்ளைகளின் தலைமேல் இளஞ்சூட்டோடு சொட்டியது. ஆழ்வார் சாரின் குடை பொத்தென்று விழுந்தது. பிள்ளைகள் உதட்டில் வழிந்ததை நக்கிக்கொண்டார்கள். வராந்தாவில் பேச்சித்தாய் தன் உள்ளங்கைகளை, வெடிப்பும் வெள்ளையுமாக இருந்த அந்தக் கைகளை, யாரோ புதிதாகக் கொடுத்தவற்றைப்போல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அப்போ ஆத்துத் தண்ணி ஏன் உப்பா இல்ல?" என்று கேட்டாள் இசக்கி. அவள் சட்டையில் எல்லாப் பித்தானும் போட்டிருந்தது.

"நல்ல கேள்வி. உக்காரு, சொல்லுதேன்."

‘பக்கத்து வீட்டுல’ இன்னும் தரையோரம் நின்றது, ‘புள்ளி வைக்கலேன்னா’ ஜன்னலில் சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் அவற்றின் பக்கம் திரும்பவில்லை. அவற்றுக்கு நாள் இருந்தது. வாசலில் குறுக்கே நின்ற ‘முதல்ல’ மட்டும் கரையவில்லை, அதற்கு மேலாக அதிகாரியின் முகம் தெரிந்தது. சட்டையின் இஸ்திரி வியர்வையில் கலைந்திருந்தது.

"அம்மா, பாடமெல்லாம் சரி" என்றார். குரலில் முந்தைய விறைப்பு இல்லை, ஆனால் விடுவதாகவும் இல்லை. "கெடு இன்னையோட முடியுது. இத்தனை நாள் ஏன் பாடம் நடத்தலன்னு கேட்டிருந்தோம். அதுக்கு இதுவரைக்கும் உங்ககிட்ட இருந்து ஒரு பதிலும் இல்ல. முதல்ல இங்க வந்து அதச் சொல்லிட்டுப் போங்க."

நான் மடியிலிருந்த காகிதங்களை எடுத்தேன். டீச்சர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். அவருடைய கால்கள் அசையவில்லை. தொடைமேல் கையை வைத்து அழுத்திக்கொள்ளவும் இல்லை. கையில் சாக்பீஸ் இருந்தது.

"ஏன்னா, நீங்க கூப்பிட்ட போதெல்லாம் நான் எந்திரிச்சு வந்தேன் சார்" என்றார். "இனிமே வர மாட்டேன்."